சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்த கள்ளன்

அத்தியாயம் 4

மிஸ்டர் விட்லொக்கின் இடது காதில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் அவருடைய காதைவிடப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று காரை விட்டு இறங்கும்போதே கிளறிற்றா அக்கா எச்சரித்திருந்தார். சிரிக்காதே என்று சொன்ன பிறகு சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பள்ளிக்கூடத்தில் பின் வாங்கில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் அனுசன். வால்தம்ஸ்டோவில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருக்கும் துப்பறியும் அலுவலகத்தின் சாரதி, எழுத்தர், தேத்தண்ணி மாஸ்ரர் எல்லாம் நான்தான். துப்பறிபவர் கிளறிற்றா அக்கா. பாரிஸில் பதினெட்டு வருடம் ஒரு பெரிய கடையில் களவு பிடிக்கும் வேலை பார்த்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் அக்கா யோசிக்கிறார் என்று அர்த்தம். மூக்குக்கு இறக்கினால் யாரோ மாட்டிவிட்டார் என்று அர்த்தம்.

அன்று சனிக்கிழமை, காலை பத்தரை. நீர்த்தேக்கக் கரையில் இருந்த மீன்பிடி கிளப்பின் மரக் குடிலுக்கு முன்னால் நின்றோம். இது புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டுக் கதிரையில் நித்திரை கொள்ளும் கூட்டம் இல்லை. இறகாலும் நூலாலும் ஈ மாதிரி ஒரு பூச்சியை முள்ளில் கட்டி, நீண்ட கயிற்றைத் தலைக்கு மேலே சுழற்றி வீசி, மீனை ஏமாற்றும் கூட்டம். பிடித்த மீனுக்கு நன்றி சொல்லித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். எங்கள் அம்மா இதைக் கேட்டால் அழுதுவிடுவார்.

எங்களை அழைத்தவர் றோஸ்மலர் அக்கா. மன்னார்க்காரி, வயது அறுபது, பள்ளிக்கூடக் கன்ரீனில் சமைத்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளமில்லாமல் ஒரு வகுப்பு நடத்துகிறார். மார்பில் ஆபரேசன் செய்துகொண்ட பதினொரு பெண்கள் வருகிறார்கள். தூண்டில் வீசுவது அவர்களுக்குக் கைப்பயிற்சி.

"நானும் அந்த ஆபரேசன் செய்த ஆள்தான், தங்கச்சி" என்றார் றோஸ்மலர் அக்கா. "ஆறு வருசத்துக்கு முந்திக் கையைத் தூக்கி ஒரு கோப்பை எடுக்க ஏலாது. இந்தத் தண்ணிக் கரையிலதான் என்ர கை எனக்குத் திரும்பி வந்தது. இண்டைக்கு ரெண்டு மணிக்கு கமிற்றி கூடுது. வகுப்பை நிப்பாட்டப் போகினம். எனக்கு வீட்டில இருந்து என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

நான் பகிடி விடுவதை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

நடந்தது இதுதான். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக ஒரு சின்னக் கூர் நிற்கும். உள்ளே போனால் திரும்பி வராது. அதைப் பின்முள் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கிளப்பில் ஒவ்வொரு ஈயின் பின்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட வேண்டும் என்பது சட்டம். மீனுக்கும் நோகாது, பக்கத்தில் நிற்பவருக்கும் நோகாது. போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு பெண் பின்னால் வீசிய ஈ, மேற்பார்வைக்கு வந்த செயலாளர் மிஸ்டர் விட்லொக்கின் காதில் ஏறியது. பின்முள் நசுக்கப்படாத ஈ. ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்புப் பெட்டியில இருந்த ஈ எல்லாத்தையும் நானே நசுக்கி வைச்சனான்" என்றார் றோஸ்மலர் அக்கா. "சனிக்கிழமை பாத்தா நான் கட்டாத பன்னிரண்டு ஈ பெட்டிக்குள்ள. ஒண்டு அவற்ற காதுக்குப் போட்டுது. மிச்சம் பதினொண்டும் இந்தா."

அவை அழகான ஈக்கள். மயிலிறகின் பச்சை உடம்பு, அதைச் சுற்றி ஒரு பொன் நூல். மீனாக இருந்தால் நானே கடித்திருப்பேன்.

மிஸ்டர் விட்லொக் ஒரு மேசையில் தன் தேநீர்க் குவளையைப் பொன் கரை போட்ட சின்னப் பீங்கான் பீரிஸ் ஒன்றின்மேல் மிகச் சரியாக நடுவில் வைத்துவிட்டு எங்களிடம் திரும்பினார். ஓய்வு பெற்ற நில அளவையாளர். குடிலுக்குள் கேத்தல், குவளை, குறடு, தும்புத்தடி எல்லாவற்றுக்கும் மேலே அவர் அதனதன் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். நான் அதிக நேரம் நின்றால் என் நெற்றியிலும் ஒன்றை ஒட்டிவிடுவார் என்று பட்டது.

"றோஸ் நல்லவர். ஆனால் கவனக்குறைவு" என்றார் ஆங்கிலத்தில். "அவருடைய ஈக்கள்தான் அவை. வேறு யார் இங்கே வர முடியும்? கதவுக்கு இலக்கப் பூட்டு. இலக்கம் எனக்கும் றோசுக்கும் தலைவருக்கும் மட்டுமே தெரியும். தலைவர் ஸ்கொட்லாந்தில் இருக்கிறார்."

"போன சனிக்கிழமை முதலில் வந்தது யார்?" என்று அக்கா கேட்டார்.

"நான்தான். ஏழு மணிக்கு. பூட்டு உடைக்கப்படவில்லை. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ஒழுங்குபடுத்திவிட்டுத் தண்ணீர்ப் பூச்சிகளை எண்ணும் தொண்டர்களோடு ஆற்றுக்குப் போய்விட்டேன். எனக்கு வந்த ஒரே கோபம் அந்தப் படியைப் பார்த்துத்தான்."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தொண்டர்கள் குடிலின் வாசற்படிக்குப் பச்சைப் பெயின்ற் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். காய்வதற்குள் யாரோ அதில் ஏறிவிட்டார். படியில் இரண்டு சப்பாத்து அடையாளங்கள், அச்சுக் குத்தியது போல, பக்கம் பக்கமாக.

அக்கா படிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"அனுசன், இதைப் பாரும். என்ன தெரியுது?"

"பெரிய கால். கள்ளன் ஒன்பதாம் நம்பர் சப்பாத்து போடுறவன்."

"உள்ளுக்கு?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். தரை துப்புரவாக இருந்தது. ஒரு பச்சைப் பொட்டுக்கூட இல்லை. அந்தத் தரையை ஒரு வாரமாக யாரும் கழுவவில்லை என்று றோஸ்மலர் அக்கா சொன்னார்.

"ஈரப் பெயின்றில மிதிச்ச ஆள் உள்ளுக்குப் போகேக்க தரையெல்லாம் பச்சையாக்கி இருக்கோணும்" என்றார் கிளறிற்றா அக்கா.

"பறந்து போயிருப்பான். ஈ கொண்டு வந்தவன் எல்லே."

"நடக்கிற சப்பாத்து இழுபடும். இது இழுபடேல்லை. வடிவாச் சோடியா, கதவைப் பாத்தபடி, கொஞ்ச நேரம் சும்மா நிண்ட சப்பாத்து. உள்ளுக்குக் கால் இல்லாமல்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "கழட்டி வைச்சிட்டுப் போயிருக்கிறான்."

"ஓம். பூட்டின கதவைத் திறந்து களவா உள்ளுக்குப் போறவன், வாசலில சப்பாத்தைக் கழட்டி வைக்கிறான். அப்பிடிப்பட்ட கள்ளன் ஆர்?"

"எங்கட ஆள்" என்றேன். "நல்லது. கிழக்கு லண்டனில பாதிப் பேரை மட்டும் விசாரிச்சால் போதும்."

அக்கா கதவைச் சாத்தி இலக்கப் பூட்டைப் பூட்டினார். பிறகு குடிலின் யன்னல் வழியாக ஒருமுறை உள்ளே பார்த்தார். சுவரில் அடித்த தட்டு ஒன்றில் ஒரு சாண் உயரத்தில் அந்தோனியார் சுரூபம் இருந்தது, கையில் குழந்தை இயேசுவுடன். மீன்களுக்கே பிரசங்கம் செய்த புனிதர் என்பதால் றோஸ்மலர் அக்கா கொண்டு வந்து வைத்தது. கிளறிற்றா அக்கா நான்கு இலக்கங்களைத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது.

மிஸ்டர் விட்லொக்கின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் பிளாஸ்டர் நிறமாகிவிட்டது. "உங்களுக்கு யார் சொன்னது?"

"இந்த மாதம் இலக்கம் மாற்றும் முறை றோஸ்மலருடையது, இல்லையா? பதின்மூன்று, சீரோ ஆறு. யூன் பதின்மூன்று அந்தோனியார் திருநாள்." அக்கா என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். "பாதிக் கிழக்கு லண்டன் இல்லை, அனுசன். மாதா கோயிலுக்குப் போற வேதக்கார ஆள். றோஸ்மலர் அக்காவைத் தெரிஞ்ச ஆள்."

"நான் மயிலிறகைப் பாத்திட்டு ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு விடுவம் எண்டு நினைச்சன். அப்பிடியே மத்தியானம் அன்னதானமும் சாப்பிட்டிருக்கலாம்."

"மயிலிறகு இவையின்ர கடையிலயே விக்குது. உந்தப் பொன் நூலைப் பாரும்."

ஒரு ஈயை எடுத்து உருப்பெருக்கிக்குக் கீழே பிடித்தார். பொன் நூலின் நுனி சற்றுப் பிரிந்திருந்தது. உள்ளே மெல்லிய பட்டு, அரக்குச் சிவப்பு.

"சரிகை" என்றேன்.

"கூறைச் சேலைச் சரிகை. தூண்டில் கடையில இது விக்காது. றோஸ்மலர் அக்கா, உங்கட வகுப்பில எங்கட பொம்பிளையள் எத்தினை பேர்?"

"நாலு பேர்."

"அவை ஆரிட்டச் சட்டை தைக்கிறவை?"

"குட்மேய்ஸ் மேரிசாந்தியிட்ட. எங்கட பங்கில எல்லாரும் அவவிட்டத்தான்."

மணி பதினொன்றரை. நோர்த் சேர்குலர் வீதியில் சனிக்கிழமை வாகனங்கள் நகர்ந்த வேகத்துக்கு நான் இறங்கி நடந்திருக்கலாம். அக்கா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன். யாராவது பேசத்தானே வேண்டும்.

மேரிசாந்தியின் தையல் கடை ஒரு வீட்டின் முன்னறை. வாய்க்குள் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டே அவர் கதைத்தார். அவருடைய வாடிக்கையாளர்கள் அவரோடு வாதாடாத காரணம் எனக்கு உடனே விளங்கியது.

அக்கா ஈயை நீட்டினார். மேரிசாந்தி ஊசிகளைக் கையில் எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது ஷெறோன்ர கூறை. கரை பிஞ்சு கிடந்தது, நான்தான் சரிகையை இழுத்துக் குடுத்தனான். அவவின்ர மனிசன் கொட்வின் வந்து கேட்டவர். என்னத்துக்கு எண்டு கேட்டன், சிரிச்சிட்டுப் போட்டார்."

"வேற ஏதும் சொன்னவரோ?"

"அவர் வந்தது வேற அலுவலா. போன வருசம் ஆபரேசனுக்குப் பிறகு ஷெறோன்ர கை வீங்கினது. சட்டைக் கையெல்லாம் பிரிச்சுத் துண்டு வைச்சுத் தைச்சுக் குடுத்தனான். தைக்கேக்க எனக்கு அழுகையா வந்தது." அவர் தையல் மெசினைத் தடவினார். "போன மாசம் கொட்வின் அந்தச் சட்டையெல்லாத்தையும் ஒரு பையில கொண்டு வந்தவர். வீக்கம் வத்தீட்டுது, பழையபடி ஒடுக்கித் தாங்கோ எண்டு. நான் காசு வாங்கேல்லை."

நான் ஒரு பகிடி தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

கொட்வின் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதித்துக்கொண்டிருப்பதாக மேரிசாந்தி சொன்னார். அந்த வீட்டு வாசலில் ஒரு சோடி வேலைச் சப்பாத்துகள், கதவைப் பார்த்தபடி, ஒழுங்காக நின்றன. நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடிவிளிம்பில் பச்சை வளையம். நம்பர் ஒன்பது.

"அக்கா, கள்ளன் வீட்டில" என்றேன்.

கொட்வின் காலுறையோடு, தலைமயிரெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்து நின்றார். நோர்வேயில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த மனிதர். ஈ கட்டுவதும் அங்கே குளிர்காலத்தில் பழகியதுதான். அக்கா ஈயைக் காட்டியதும் அவர் முகம் சிவந்தது.

"அது நேர்த்திக்கடன், அக்கா" என்றார் தாழ்ந்த குரலில். "ஷெறோன் தன்ர கையாலயே சீப்பெடுத்துத் தலை இழுக்கிற நாள் வந்தால் அந்தோனியாருக்கு நான் கட்டின ஈ வைக்கிறன் எண்டு நேர்ந்தனான். பன்னிரண்டு மாசம் மருந்து. மாசத்துக்கு ஒண்டு. போன கிழமை வியாழக்கிழமை காலமை கண்ணாடிக்கு முன்னால நிண்டு தானே தலை இழுத்தா. நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன். அடுத்த நாள் பின்னேரமே கொண்டு போய் வைச்சன்."

"ஏன் களவா?"

"நேர்த்தியை ஊருக்குச் சொல்லிச் செய்யிறதே? பூட்டு இலக்கம் அவற்ற திருநாளாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். சரியா வந்தது. சுரூபம் இருக்கிற இடம், சப்பாத்தோட போகேல்லை. கொஞ்ச நேரம் முழங்காலில நிண்டிட்டு வந்தன்."

"பின்முள்ளை ஏன் நசுக்கேல்லை?" இது நான்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நேர்த்திக்குக் குடுக்கிற சாமானை ஆரும் ஊனமாக்கிக் குடுப்பினமே? அது மீன் பிடிக்கவெண்டு வைச்சதில்லை."

"பிறகேன் வகுப்புப் பெட்டியில போட்டனீர்?" என்று அக்கா கேட்டார்.

"பெட்டியிலயோ?" கொட்வின் விழித்தார். "நான் பெட்டியைத் தொடேல்லை. அந்தோனியாரின்ர காலடியில, ஒரு பீரிசில வைச்சனான். ஷெறோன்ர கலியாணச் செற்றில ஒண்டு. பொன் கரை போட்டது."

விட்லொக்கின் காதில் ஈ ஏறிய கதை கொட்வினுக்குத் தெரியும். அது எந்த ஈ என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பொன் கரை என்றதும் என் தலைக்குள் ஏதோ தட்டியது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி மெதுவாக நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"கொட்வின், சப்பாத்தைப் போடும்" என்றார். "எங்களோட வாரும்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டுக்கு ஐந்து நிமிடம். வகுப்பு நடக்காது என்று தெரிந்தும் பதினொரு பெண்களும் தண்ணீர்க் கரையில் வரிசையாக நின்றார்கள். ஷெறோன் தன் கணவரை எங்களோடு கண்டதும் திகைத்துப்போனார். குடிலுக்குள் கமிற்றி உறுப்பினர்கள் ஐந்து பேர். அவர்களுக்கு நடுவில் மிஸ்டர் விட்லொக். அவருக்கு முன்னால் ஒரு தீப்பெட்டி, அதற்குள் சாட்சியாக அவருடைய காதிலிருந்து எடுத்த பன்னிரண்டாவது ஈ. பக்கத்தில் குவளை, குவளைக்குக் கீழே பீரிஸ்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் அக்கா. "இந்தக் கிளப்பில் எத்தனை பீரிஸ் இருக்கிறது?"

"பீரிசா? ஒன்றுமில்லை. குவளைகள் மட்டும்தான்." விட்லொக் கீழே பார்த்தார். "இது... ஓ, இது அந்தச் சின்னத் துறவியின் சிலைக்குப் பக்கத்தில் இருந்தது. போன சனிக்கிழமை காலையில். குசினிச் சாமான் தட்டில் இருக்கக் கூடாது அல்லவா? குவளைகளோடு கொண்டுபோய் வைத்தேன்."

"வெறும் பீரிசா?"

"இல்லை. றோஸ் அதற்குள் கொஞ்சம் ஈக்களைச் சிதறி விட்டிருந்தார். கூரான முட்கள், மூடி இல்லாமல், ஆபத்தல்லவா? அவற்றை அவற்றுக்குரிய..."

அவர் அங்கேயே நின்றுவிட்டார். சுவரில் வகுப்புப் பெட்டிக்கு மேலே அவரே அச்சடித்து ஒட்டிய அறிவித்தல் இருந்தது. அக்கா அதைச் சுட்டிக் காட்டினார். நான் அதை உரத்து வாசித்தேன்: "இந்தப் பெட்டிக்குள் ஈ வைப்பவர் யாராயிருந்தாலும் முதலில் பின்முள்ளை நசுக்க வேண்டும். இப்படிக்கு, டெரிக் விட்லொக், செயலாளர்."

மிஸ்டர் விட்லொக்கின் கை தானாகக் காதுக்குப் போனது.

"நான் ஒழுங்குபடுத்தினேன்" என்றார் சிறுபிள்ளை போல. "அதை நான் வைத்தது என்று நினைக்கவே இல்லை."

அக்கா கொட்வினின் நேர்த்தியை ஆங்கிலத்தில் சொன்னார். சுருக்கமாக, தலை இழுத்த காலைவரை. கமிற்றியில் இருந்த கிழவர் ஒருவர் மூக்கைச் சிந்தினார். றோஸ்மலர் அக்கா யன்னல் வழியாக ஷெறோனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அவர் முகத்தில் இருந்த பாரம் இறங்குவதை நான் கண்ணால் கண்டேன்.

மிஸ்டர் விட்லொக் எழுந்தார். தான் கொண்டுவந்த தீர்மானத்தை எடுத்து நாலாக மடித்தார். அந்த நேரத்திலும் விளிம்புகள் சரியாகப் பொருந்தும்படி. றோஸ்மலர் அக்காவின் முன்னால் போய் நின்று, "தவறு என்னுடையது, றோஸ். மன்னித்துவிடுங்கள்" என்றார். வேறு அலங்காரம் எதுவும் இல்லை. எனக்கு அந்த மனிதரை முதல்முறையாகப் பிடித்தது.

பிறகு குவளையை எடுத்துவிட்டுப் பீரிசைக் கழுவினார், துடைத்தார். பதினொரு ஈக்களையும் அதில் வைத்தார். தட்டுக்குப் போக இரண்டடி எடுத்தவர் நின்று, கொட்வினின் காலைப் பார்த்தார். கொட்வின் காலுறையோடு நின்றார். விட்லொக் கதிரையில் அமர்ந்து தன் பூட்சின் கயிற்றை அவிழ்த்தார். வலது காலுறையில் பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை. அதற்குப் பெயர் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

பீரிசை அந்தோனியாரின் காலடியில் வைத்துவிட்டு, தீப்பெட்டியைத் திறந்து, தன் காதில் ஏறிய ஈயை எடுத்துப் பன்னிரண்டாவதாக நடுவில் வைத்தார். மேசைக்குப் போய்ப் பெயர் எழுதும் துண்டு ஒன்றை எடுத்து வந்து தட்டின் விளிம்பில் ஒட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். "தொட வேண்டாம், விட்லொக்" என்று இருந்தது.

இரண்டேகாலுக்கு வகுப்பு தொடங்கியது. ஷெறோன் கரையில் நின்று தூண்டிலைத் தூக்கினார். கை தோளுக்கு வந்தது. தோளைத் தாண்டியது. தலைக்கு மேலே போனது. கயிறு பின்னால் நீண்டு, முன்னால் வந்து, தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கியது. கொட்வின் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெயின்ற் காய்ந்த படியை மிக ஆர்வமாக ஆராய்ந்தார்.

"போன கிழமை அவற்ற காதில கொழுவினது ஆர் எண்டு கேட்கவே இல்லையே, அக்கா" என்றேன்.

"ஷெறோன்தான். கேட்கத் தேவையில்லை. கமிற்றி நடந்த நேரம் முழுக்க யன்னலுக்குள்ளால அவ விட்லொக்கின்ர முகத்தைப் பாக்கேல்லை, பிளாஸ்டரை மட்டுந்தான் பாத்தவ."

"அப்ப புருசன் நேர்ந்த ஈயை மனிசி எறிஞ்சிருக்கிறா."

"கையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி" என்றார் அக்கா.

சற்றுத் தள்ளி மிஸ்டர் விட்லொக் மேற்பார்வைக்கு நின்றார். குளிர்காலத்துக் கம்பளித் தொப்பி ஒன்றை இரண்டு காதுகளையும் மூடி இழுத்துவிட்டிருந்தார். ஷெறோன் மறுபடியும் கையைத் தூக்கியபோது எல்லாருக்கும் முதல் கை தட்டியவர் அவர்தான்.